சந்தோஷம் வந்தால் வினை ஏன் மாறுகிறது?

வாசகர் கேள்வி – பதில்: ஸ்பானிய மொழி

ஒரே சிக்கலைச் சுற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மகிழ்ச்சி, பயம், கவலை, வியப்பு, எரிச்சல் சொல்லும் வினைகளுக்குப் பின் வரும் சுப்ஹுன்திவோ என்ற சிறப்பு வினை வடிவம்தான் அந்தச் சிக்கல். ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில், லத்தீன் அமெரிக்க உச்சரிப்பின்படி தந்திருக்கிறோம். 'வ' என்று எழுதியிருப்பதைப் பம்பலப்பிட்டியின் முதல் எழுத்தைப் போல (ஆங்கில b) ஒலியுங்கள்; 'புவே', 'யுவே' போல 'உ' ஒலிக்குப் பின் வரும் 'வே' மட்டும் தமிழ் 'வே'தான்.

கேள்வி: சுப்ஹுன்திவோ என்றால் சந்தேகம், நிச்சயமின்மை என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். ஆனால் 'மே அலேக்ரோ தே கே எஸ்தேஸ் அகீ' (நீ இங்கே இருப்பது எனக்குச் சந்தோஷம்) என்ற வசனத்திலும் அதுதான் வருகிறது. ஆள் என் முன்னாலேயே நிற்கிறார். இதில் என்ன சந்தேகம்?
— சுற்றுலா வழிகாட்டி, கொட்டாஞ்சேனை

சந்தேகம் ஒன்றும் இல்லை. 'சந்தேகம்' என்ற விளக்கம் ஒரு பகுதி வினைகளுக்குத்தான் பொருந்தும். உணர்ச்சி வினைகளுக்கும் அதையே பொருத்தப் போனால் உங்களுக்கு நேர்ந்த குழப்பம்தான் எல்லோருக்கும் நேரும்.

அந்த வசனத்தில் நீங்கள் எதை அறிவிக்கிறீர்கள் என்று பாருங்கள். வந்தவர் இங்கே இருப்பது அவருக்கே தெரியும். அதை நீங்கள் போய்ச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அறிவிப்பது உங்கள் சந்தோஷத்தை மட்டும். 'கே' என்ற இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் உள்ள விஷயத்தையே செய்தியாகச் சொன்னால் ஸ்பானியம் சாதாரண வடிவத்தை, அதாவது இந்திகதிவோவைப் பாவிக்கும். அந்த விஷயத்தை நடந்ததாகவோ நடக்கப்போவதாகவோ வைத்துக்கொண்டு, அதைப் பற்றிய மனநிலையை மட்டும் சொன்னால் சுப்ஹுன்திவோவுக்கு மாறும். அது உண்மையா பொய்யா என்பது இங்கே கேள்வியே அல்ல.

தமிழிலும் இந்த வேறுபாடு இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. 'நீ இங்கே இருக்கிறாய் என்று நினைக்கிறேன்' என்பதில் 'நீ இங்கே இருக்கிறாய்' என்ற துண்டை வெட்டி எடுத்தாலும் அது முழு வசனமாக நிற்கும். 'நீ இங்கே இருப்பது சந்தோஷம்' என்பதில் 'நீ இங்கே இருப்பது' என்ற துண்டை வெட்டினால் அது அந்தரத்தில் தொங்கும். ஸ்பானியத்தில் முதலாவது 'கிரேயோ கே எஸ்தாஸ் அகீ', இரண்டாவது 'மே அலேக்ரோ தே கே எஸ்தேஸ் அகீ'. எஸ்தாஸ் என்பது எஸ்தேஸ் ஆகிறது. பயத்துக்குத் தமிழில் வேறு வழி உண்டு: 'நாளைக்கு மழை பெய்யுமோ என்று பயமாக இருக்கிறது'. அந்த 'ஓ' செய்யும் வேலையை 'தேமோ கே யுவேவா மஞானா' என்பதில் யுவேவா என்ற வடிவம் செய்கிறது.

ஆனால் தமிழை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'நீ இங்கே இருப்பது எனக்குத் தெரியும்' என்றும் நாம் சொல்வோம். ஸ்பானியத்தில் தெரியும் என்பதற்குப் பின் இந்திகதிவோதான்: 'சே கே எஸ்தாஸ் அகீ'. காரணத்தை விளங்கிக்கொள்ளத் தமிழ் உதவும். வசனம் அமைக்கும்போது ஸ்பானிய வினையைப் பார்த்தே முடிவெடுங்கள்.

உங்கள் தொழிலுக்கு இன்னொன்று. குழுவாக வருபவர்களிடம் உஸ்தேதேஸ் (மரியாதையான 'நீங்கள்') வடிவத்திலேயே கதையுங்கள்: 'மே அலேக்ரோ தே கே எஸ்தேன் அகீ'. ஸ்பெயின்காரர் தங்களுக்குள் வொஸோத்ரோஸ் (நெருக்கமான 'நீங்கள்') பாவித்தாலும் வழிகாட்டி உஸ்தேதேஸ் சொல்வது மரியாதையாகவே இருக்கும். சாப்பாடு பிடித்திருக்கிறது என்று அவர்கள் சொன்னால் 'மே அலேக்ரோ தே கே லேஸ் குஸ்தே' என்று பதில் சொல்லலாம். குஸ்தா அல்ல, குஸ்தே.

கேள்வி: பி1 மட்ட டெலே (ஸ்பானிய மொழித் தேர்ச்சி) பரீட்சைக்குப் படிக்கிறேன். வினைகளை ஒவ்வொன்றாகப் பாடமாக்கினால் முடிவே இல்லை. கெதியாக வடிவத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
— மாணவி, வெள்ளவத்தை

உண்டு. 'நான்' வடிவத்திலிருந்து தொடங்குங்கள். பலரும் அகராதியில் இருக்கும் மூல வடிவத்திலிருந்து தொடங்குவதால்தான் பிழை வருகிறது.

வெனீர் (வர) என்பதை எடுங்கள். 'நான் வருகிறேன்' என்பது வெங்கோ. கடைசி 'ஓ'வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெங்க்-. மூல வினை 'ஆர்' என்று முடிந்தால் 'ஏ' போடுங்கள்; 'ஏர்' அல்லது 'ஈர்' என்று முடிந்தால் 'ஆ' போடுங்கள். வெனீர் 'ஈர்' என்று முடிவதால், நான், நீ, அவர், நாங்கள், அவர்கள் என்ற வரிசையில் வெங்கா, வெங்காஸ், வெங்கா, வெங்காமோஸ், வெங்கான். மூல வடிவத்திலிருந்து போனவர்கள் 'வேனா' என்று எழுதிவிடுவார்கள். இதே வழியில் தெங்கோ – தெங்கா, ஆகோ (செய்கிறேன்) – ஆகா, தீகோ (சொல்கிறேன்) – தீகா, கொனோஸ்கோ – கொனோஸ்கா. 'ஆர்' வினைக்கு ஆப்லார் (கதைக்க): ஆப்லே, ஆப்லேஸ், ஆப்லே, ஆப்லேமோஸ், ஆப்லேன். 'நான்' வடிவமும் 'அவர்' வடிவமும் ஒன்றுதான். எங்கே குழப்பம் வருமோ அங்கே மட்டும் யோ (நான்), எல் (அவன்), எய்யா (அவள்) சேர்த்துச் சொன்னால் போதும்.

விதிக்குள் அடங்காத வினைகள் ஆறு. அவற்றைக் கண்டுபிடிப்பதும் சுலபம்: அவற்றின் 'நான்' வடிவம் 'ஓ' என்று முடியாது. சொய் – சேயா. எஸ்தொய் – எஸ்தே. வொய் – வாயா. தொய் – தே. சே – சேபா. ஏ – ஆயா. இந்த ஆறையும் பாடமாக்குங்கள், மிச்சம் எல்லாம் விதியே தந்துவிடும்.

உயிர் மாறும் வினைகளில் 'நாங்கள்' வடிவத்தைக் கவனியுங்கள். போதேர் (இயல) என்பது புவேதா, புவேதாஸ் என்று போகும். 'நாங்கள்' வரும்போது போதாமோஸ் என்று பழைய உயிருக்குத் திரும்பிவிடும். 'ஈர்' வினைகளில் இன்னொரு திருப்பம் உண்டு: தொர்மீர் (நித்திரை கொள்ள) துவேர்மா ஆகும், ஆனால் துர்மாமோஸ், சென்தீர் சியென்தா ஆகும், ஆனால் சின்தாமோஸ்.

எழுத்துப் பரீட்சையில் புள்ளி குறைவது அநேகமாக எழுத்துக்கூட்டலில்தான். யேகார் (வந்துசேர) என்பதை யேகே என்று எழுதும்போது 'ஜீ' எழுத்துக்குப் பின் ஒரு 'யூ' சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் 'ஹே' என்று வாசிக்கப்படும். புஸ்கார் (தேட) என்பதில் 'சீ' எழுத்து 'கியூ, யூ' இரண்டாக மாறும். எம்பெஸார் (தொடங்க) என்பதில் 'ஸெட்' எழுத்து 'சீ' ஆகும். எஸ்தே என்பதில் கடைசி எழுத்தின் மேல் சாய்கோடு இல்லாவிட்டால் அது 'இந்த' என்று பொருள்படும் வேறு சொல். தே (கொடுக்க) என்பதிலும் அப்படியே: கோடு போனால் அது வெறும் இடைச்சொல்.

கேள்வி: 'மே அலேக்ரோ தே கே யோ எஸ்தே அகீ' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் முழுவதையும் வெட்டிவிட்டார். சுப்ஹுன்திவோ சரியாகத்தானே போட்டிருக்கிறேன்?
— வாசகர், தெஹிவளை

வடிவம் சரி, வசனம் பிழை. சந்தோஷப்படுபவரும் இங்கே இருப்பவரும் நீங்களே. ஒரே ஆளானால் 'கே'யும் வேண்டாம், சுப்ஹுன்திவோவும் வேண்டாம். மூல வினை போதும்: 'மே அலேக்ரோ தே எஸ்தார் அகீ'. 'எனக்கு வர ஆசை' என்று சொல்லும்போது நாமும் 'வர' என்று நிறுத்திவிடுகிறோம். 'நான் வர வேண்டும் என்று எனக்கு ஆசை' என்று நீட்டுவதில்லை. ஆள் மாறினால்தான் நீட்டுகிறோம்.

பிந்தி வந்ததற்கு மன்னிப்புக் கேட்பது 'சியென்தோ யேகார் தார்தே'. ரயிலைத் தவறவிடுவேனோ என்ற பயம் 'தெங்கோ மியேதோ தே பெர்தேர் எல் த்ரேன்'. மகன் தவறவிடுவானோ என்றால் 'தெங்கோ மியேதோ தே கே மி ஈஹோ பியேர்தா எல் த்ரேன்'. நடந்துமுடிந்ததற்கு 'மே அலேக்ரோ தே அபேர் வெனீதோ': வந்ததில் எனக்குச் சந்தோஷம்.

'பிடிக்கும்' வகை வினைகளில் ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள், நமக்கு அந்தச் சிரமம் இல்லை. 'எனக்குப் பிடிக்கும்' என்ற அமைப்பும் 'மே குஸ்தா' என்ற அமைப்பும் ஒன்றே: பிடித்தது எழுவாய், பிடித்தவருக்கு 'கு' உருபு. நான் சமைப்பது பிடித்தால் 'மே குஸ்தா கொஸினார்', நீ சமைப்பது பிடித்தால் 'மே குஸ்தா கே கொஸீனேஸ்'.

கேள்வி: 'மே அலேக்ரோ'வுக்குப் பின் 'தே கே' வருகிறது, 'மே அலேக்ரா'வுக்குப் பின் வெறும் 'கே' வருகிறது. எங்கே 'தே' போடுவது?
— வாசகி, வத்தளை

'கே'யிலிருந்து பின்னால் வருவதையெல்லாம் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் 'ஏஸோ' (அது) என்ற ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'மே அலேக்ரோ தே ஏஸோ' என்றுதான் சொல்ல முடியும். ஆகவே 'தே கே'. 'மே அலேக்ரா ஏஸோ' என்பதில் 'தே'க்கு இடம் இல்லை. ஆகவே 'கே' மட்டும். தேமோ, சியென்தோ, லமென்தோ, மே மொலேஸ்தா, மே சொர்ப்ரேந்தே, மே தா பேனா, மே தா மியேதோ எல்லாம் வெறும் 'கே'. எஸ்தொய் கொன்தேன்தோ (பெண்ணானால் கொன்தேன்தா), தெங்கோ மியேதோ இரண்டும் 'தே கே'. கடைசி இரண்டு பயங்களையும் சேர்த்துப் பாருங்கள்: 'மே தா மியேதோ கே', 'தெங்கோ மியேதோ தே கே'. பொருள் கிட்டத்தட்ட ஒன்று, 'தே' மட்டும் மாறுகிறது.

தேவையில்லாத இடத்தில் 'தே' செருகுவதை இலக்கணக்காரர் தெகெயிஸ்மோ என்றும், தேவையான இடத்தில் விழுங்குவதை கெயிஸ்மோ என்றும் சொல்வார்கள். பேச்சில் 'மே அலேக்ரோ கே' என்று விழுங்குபவர்கள் நிறைய, நீங்கள் கேட்பீர்கள். எழுத்தில் அதைப் பின்பற்ற வேண்டாம். 'தேமோ தே கே' என்பது கேட்பவர் காதிலும் உறுத்தும்.

'கே'யையே விட்டுவிடுவது இதைவிடப் பெரிய பிழை. ஆங்கிலத்தில் இணைப்புச் சொல் இல்லாமலே வசனம் ஓடும். அந்தப் பழக்கத்தில் 'மே அலேக்ரோ வியேனேஸ்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஸ்பானியத்தில் 'கே' கட்டாயம்.

கேள்வி: ஹோட்டல் வரவேற்பில் வேலை. அறை இல்லை என்பதை 'மே தேமோ கே நோ ஐ அபிதாசியோனேஸ்' என்று சொல்லும்படி ஸ்பெயின் நாட்டு விருந்தினர் ஒருவர் திருத்தினார். பயம் என்றால் சுப்ஹுன்திவோ வர வேண்டாமா?
— வாசகர், கொழும்பு கோட்டை

அவர் திருத்தியது சரி. அங்கே நீங்கள் எதற்கும் பயப்படவில்லை. அறை இல்லை என்ற செய்தியைப் பதமாகச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். 'மே' சேர்ந்த தெமேர்ஸே இந்த இடத்தில் 'வருத்தத்தோடு சொல்கிறேன்' என்ற தொனியில் வரும்; செய்தி சொல்வதால் இந்திகதிவோ. உண்மையான பயம் என்றால் 'தேமோ கே நோ ஆயா அபிதாசியோனேஸ்': அறை இல்லாமல் போய்விடுமோ. அது விருந்தினர் சொல்லும் வசனம், வரவேற்பாளர் சொல்லுவதல்ல!

சென்தீர் இதைவிட ஆபத்தானது. 'சியென்தோ கே எஸ்தாஸ் கன்சாதோ' என்றால் நீ களைத்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 'சியென்தோ கே எஸ்தேஸ் கன்சாதோ' என்றால் நீ களைத்திருப்பது எனக்குக் கவலை. ஓர் உயிரெழுத்தில் பொருளே மாறிவிடுகிறது. முதலாவதில் களைப்பைச் செய்தியாகச் சொல்கிறீர்கள். இரண்டாவதில் அந்தக் களைப்பு இருவருக்கும் தெரிந்தது. வேகமாகக் கதைக்கும்போது ஆங்கிலப் பாணியில் கடைசி உயிரை மழுப்பினால் எதிரே நிற்பவருக்கு எது என்று விளங்காது. தமிழில் உயிரைத் தெளிவாக உச்சரிக்கிற பழக்கத்தை இங்கே விடாதீர்கள்.

கேள்வி: நேற்று வந்தார், நாளைக்கு வருவார், வந்திருந்தால் நல்லது. காலம் மாறினால் வடிவம் எப்படி மாறும்?
— மாணவர், பம்பலப்பிட்டி

முதலில் எதிர்காலத்தை மறந்துவிடுங்கள். இன்றைய ஸ்பானியத்தில் நாளைக்கு நடப்பதற்கும் நிகழ்கால சுப்ஹுன்திவோதான்: 'மே அலேக்ரோ தே கே வெங்காஸ் மஞானா'. 'வெந்த்ராஸ்' என்று எதிர்கால வடிவம் போட்டால் பிழை.

உணர்ச்சி இப்போது, நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்றால் 'ஆயா' சேர்ந்த வடிவம்: 'மே அலேக்ரோ தே கே ஆயாஸ் வெனீதோ'. 'நேற்று' என்று குறிப்பிட்டுச் சொன்னால் 'மே அலேக்ரோ தே கே வினியேராஸ் அயேர்' என்றும் சொல்வார்கள். உணர்ச்சியே இறந்தகாலத்தில் இருந்தால் பின்னால் வருவதும் கூடவே போகும்: 'மே அலெக்ரே தே கே வினியேராஸ்'. அதற்கும் முந்தி நடந்ததானால் 'உபியேராஸ் வெனீதோ'.

இந்த இறந்தகால வடிவத்தைச் செய்வது நிகழ்காலத்தைவிடச் சுலபம், ஏனென்றால் விதிவிலக்கே கிடையாது. 'அவர்கள் வந்தார்கள்' என்பது வினியேரொன். கடைசி 'ரொன்' போய் 'ரா' வரும்: வினியேரா. துவியேரொன் – துவியேரா. ஃபுவேரொன் – ஃபுவேரா. இது 'இருந்தார்கள்', 'போனார்கள்' இரண்டுக்கும் பொது. 'நாங்கள்' வடிவத்தில் மட்டும் சாய்கோடு மறக்கக் கூடாது: வினியேராமோஸ் என்பதில் 'யே' ஒலியின் 'ஏ' எழுத்தின் மேல் வரும். 'ரா'வுக்குப் பதில் 'ஸே' வரும் வடிவமும் (வினியேஸே) உண்டு. வாசித்தால் விளங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் எழுதும்போது 'ரா' ஒன்றே போதும். பி1 மட்டத்துக்கு நிகழ்கால வடிவம் கைவந்தால் போதும். இறந்தகால வடிவங்கள் பி2க்கு உரியவை.

'குஸ்தரீயா' வந்தால் மட்டும் கவனம். 'நீ வந்தால் எனக்கு விருப்பமாக இருக்கும்' என்பது 'மே குஸ்தரீயா கே வினியேராஸ்'. நாளைக்கு வரப்போகிறவரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், இருந்தும் இறந்தகால வடிவம். லத்தீன் அமெரிக்காவில் 'வெங்காஸ்' சொல்பவர்களும் உண்டு; பரீட்சையில் 'வினியேராஸ்' எழுதுவதே பாதுகாப்பு.

கேள்வி: 'மேனோஸ் மால் கே' (நல்ல காலம்) என்பதும் உணர்ச்சிதானே? ஏன் அதற்குப் பின் சாதாரண வினை?
— வாசகி, மட்டக்குளி

'மேனோஸ் மால் கே வினீஸ்தே': நல்ல காலம், நீ வந்தாய். இந்தச் சொற்றொடர் எப்போதும் இந்திகதிவோவையே எடுக்கும். இது உறைந்துபோன தொடர். விதியிலிருந்து வருவிக்கப் பார்க்காமல் அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

'லோ புவேனோ எஸ் கே தெனேமோஸ் தியேம்போ' என்பதற்குக் காரணம் சொல்லலாம். 'நல்ல விஷயம் என்னவென்றால்' என்று தொடங்கினால் அடுத்து வருவது செய்திதான்: நேரம் இருக்கிறது. 'எஸ் புவேனோ கே தெங்காமோஸ் தியேம்போ' என்றால் நேரம் இருப்பது தெரிந்த விஷயம். அது நல்லது என்ற கருத்தைத்தான் சொல்கிறீர்கள்.

'போர்கே' (ஏனென்றால்) வந்தாலும் சாதாரண வினை: 'மே அலேக்ரோ போர்கே மி ஈஹா அப்ரொபோ எல் எக்ஸாமென்'. மகள் சோதினை பாஸ் பண்ணிவிட்டாள் என்று சந்தோஷம். காரணம் சொல்லும்போது அந்தக் காரணமே செய்தி. சுப்ஹுன்திவோ வாயில் வராமல் அவசரத்தில் நின்றால் இது நல்ல குறுக்குவழி. ஆனால் எல்லா வசனத்தையும் 'போர்கே'யில் ஓட்டினால் பேச்சுப் பரீட்சையில் பரீட்சகர் கண்டுபிடித்துவிடுவார்.

'கே புவேனோ கே வினீஸ்தே' என்று மெக்சிகோக்காரர் சொல்லிக் கேட்டால் பிழை என்று எண்ண வேண்டாம். அங்கே அது சாதாரணம். 'கே பேனா கே நோ புவேதாஸ் வெனீர்' (நீ வர முடியாதது கவலை) என்பதில் சுப்ஹுன்திவோ போடுங்கள்.

கேள்வி: புறப்படும்போது விருந்தினருக்கு 'கே தெங்கா உன் புவேன் வியாஹே' என்று சொல்லப் பழக்கினார்கள். முன்னால் வினையே இல்லை, பிறகு ஏன் தெங்கா?
— விமான நிலைய வாடகை வாகனச் சாரதி, நீர்கொழும்பு வீதி

முன்னால் 'எஸ்பேரோ' (நம்புகிறேன், எதிர்பார்க்கிறேன்) என்ற சொல் மறைந்து நிற்கிறது. முழு வசனம் 'எஸ்பேரோ கே தெங்கா உன் புவேன் வியாஹே': உங்கள் பயணம் நல்லபடியாக அமைய வேண்டும். வாழ்த்துகளில் வினை விழுந்து 'கே'யும் சுப்ஹுன்திவோவும் மட்டும் மிஞ்சும். 'கே லே வாயா பியேன்' (எல்லாம் நல்லபடி போகட்டும்) என்பதும் அப்படியே. தமிழில் 'போகட்டும்', 'அமையட்டும்' என்று 'அட்டும்' போட்டுச் சொல்லும் இடம் இது. ஒருவருக்குச் சொன்னால் 'கே தெங்கா', பலருக்குச் சொன்னால் 'கே தெங்கான்', 'கே லேஸ் வாயா பியேன்'. கடைசியில் வாயா ஏன் வாயான் ஆகவில்லை என்று கேட்பீர்கள்: 'போவது' அவர்கள் அல்ல, அவர்களுடைய காரியம். அதனால் 'லே' மட்டும் 'லேஸ்' ஆகும்.

'ஒஹலா' என்ற சொல்லும் இதே குடும்பம்தான். அது ஸ்பெயினில் அரபு பேசப்பட்ட காலத்தில் வந்த சொல், 'அல்லாஹ் நாடினால்' என்ற பொருளிலிருந்து பிறந்தது. அதற்குப் பின் 'கே' இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுப்ஹுன்திவோதான்: 'ஒஹலா யுவேவா', மழை பெய்யட்டும். நடக்கும் என்ற நம்பிக்கை குறைவானால் 'ஒஹலா யொவியேரா'.